கெலாடித் தோட்டத்துக் கிராமத் தலைவி

கெலாடித் தோட்டம், ரந்தாவ்.
4 மார்ச் 2025

தம்பி தர்மராஜுக்கு,

உறையின் மேலிருந்த கையெழுத்தைக் கண்டதுமே இது உன் தமக்கை லோகேஸ்வரியின் கடிதம் என்பதை அறிந்திருப்பாய். கோவில் திருவிழா முடிந்த அந்த இரவுக்குப் பின் நாம் பேசிக்கொள்ளவில்லை. தொலைபேசியில் அழைத்திருக்கலாமே என உனக்குத் தோன்றலாம். சினமுற்றிருக்கும் இருவர் தொலைபேசியில் பேசினால் இரண்டாவது வாக்கியத்தில் ஒருவர் இணைப்பைத் துண்டித்துவிடுவார். எழுதும்போதோ, எழுதியதை வாசித்து, அதிலுள்ள நஞ்சை நீக்கிவிட்டு அனுப்ப இயலுகிறது. ஆகவே எழுதுகிறேன். நீயும் எழுத்திலேயே மறுமொழி தரவேண்டுகிறேன்.

நம் கிராமத் தலைவர் முனியாண்டி அவர்கள் பக்கவாதம் கண்டு படுத்துவிட்டார். வெளியூரில் வசிக்கும் அவருடைய மகள் வந்து அழைத்துச் சென்றுவிட்டாள். அப்பதவி இப்போது காலியாக உள்ளது. பிற ஆண்டுகளில் அது திருமண அழைப்பிதழில் பெயர் போடுவதற்கும் மேடையில் நாற்காலி பெறுவதற்கும் மட்டுமே பயன்பட்ட பதவி என்பதை நான் மறுக்கவில்லை. இவ்வாண்டு அப்படியன்று. தோட்டம் விற்கப்பட்டுவிட்டது. செம்பனை மரங்களைச் சாய்க்க இயந்திரங்கள் வந்து நிற்கின்றன. லயத்து வீடுகளை இடிக்கும்முன், அங்கே குடியிருக்கும் பதினாறு குடும்பங்களுக்கும் ரந்தாவ் எல்லையில் அரசாங்கம் தரை வீடுகள் தரவிருக்கிறது. தோட்ட அலுவலகம் மூடப்பட்டுவிட்டதால், குடியிருப்பவர் யார் என்பதற்குக் கிராமத் தலைவரின் கையொப்பமும் முத்திரையுமே சான்று.

கடைசி வீட்டு முத்தாயியை நீ அறிவாய். அவருடைய கணவர் குத்தகை லோரியில் செம்பனைக் குலை ஏற்றியவர். தோட்டப் பதிவேட்டில் ஒருநாளும் அவர் பெயர் ஏறியதில்லை. முத்தாயி ரந்தாவ் பாசார்ச் சந்தையைக் கூட்டிப் பெருக்கிப் பிழைக்கிறார். இருபது ஆண்டுகளாக அவர் உறங்கி எழும் வீட்டில் அவர் வசிக்கிறார் என்று சொல்ல அரசாங்கத்தில் ஒருவர்கூட இல்லை. அந்த நாற்காலியில் யார் அமர்கிறாரோ அவருடைய மனத்தைப் பொறுத்தே முத்தாயிக்குக் கூரை.

எனவே அப்பதவிக்கு நான் விண்ணப்பிக்க முடிவு செய்துள்ளேன்.

நீ தொகுதித் தலைவரான டத்தோவின் உதவியாளன்; கட்சியின் தொகுதி அலுவலகத்தில் பொழுதெல்லாம் இருப்பவன். உன்னிடம் நான் பரிந்துரை கேட்கவில்லை. விண்ணப்பம் எவ்வழியே செல்கிறது, எந்த மேசையில் நிற்கிறது, யாருடைய சொல்லுக்குக் காத்திருக்கிறது என்பதை மட்டும் தெரிவி. அத்திருவிழா மேடையில், தெருவிளக்கு என்னவாயிற்று என்று நான் டத்தோவைக் கேட்டபோது ஒலிபெருக்கியை நிறுத்தச் சொன்னவன் நீ என்பதை நான் மறக்கவில்லை. அதை இதனுடன் கலக்கவும் இல்லை.

ரதியையும் பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல்.

இங்ஙனம்,
லோகேஸ்வரி


தெமியாங், சிரம்பான்.
12 மார்ச் 2025

அக்கா,

வணக்கம். உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ரதி வாங்கிப் படித்துவிட்டு, "உங்கக்கா கோவப்பட்டாலும் இலக்கணமாத்தான் படுவாங்க லா" என்று சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

கையால் தமிழ் எழுதிப் பல வருடம் ஆகிறது. பிழை இருந்தால் திருத்திக்கொண்டு படியுங்கள், திருப்பி அனுப்பாதீர்கள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். மாவட்ட அலுவலகம் விண்ணப்பம் வாங்கும், நேர்காணல் வைக்கும், ஆனால் ஆளைத் தேர்ந்தெடுப்பது அங்கே இல்லை. எந்தத் தோட்டத்துப் பதவி எந்தக் கட்சிக்கு என்று மேலே முன்பே பிரித்துக்கொண்டார்கள். கெலாடி எங்கள் கட்சிக்கு. அங்குள்ள கட்சிக் கிளை ஒரு பெயர் கொடுக்கும், டத்தோ கையெழுத்துப் போடுவார், அந்தப் பெயர் வரும். மற்ற விண்ணப்பமெல்லாம் கோப்புக்குள் தூங்கும். நான் செய்த ஏற்பாடு இல்லை இது. நான் வேலைக்கு வரும்போதே இப்படித்தான் இருந்தது.

உங்கள் கிளைத் தலைவர் திருநாவுக்கரசு பெயர் ஏற்கெனவே பேச்சில் இருக்கிறது. டத்தோ எங்கே போனாலும் கூடாரம், நாற்காலி எல்லாம் அவர் பொறுப்பு. இதற்காகத்தான் இத்தனை வருடம் அடுக்கினார். பெண்கள் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. இதுவரை யாரும் கேட்கவும் இல்லை.

நிஜமாகவே வேண்டுமென்றால் கிளையில் உறுப்பினராகச் சேருங்கள். திருநாவுக்கரசைப் போய்ப் பாருங்கள். கொஞ்சம் பணிவாகப் பேசுங்கள். அது உங்களுக்கு வராது, தெரியும்.

ஒலிபெருக்கி விஷயம். நீங்கள் இன்னும் இரண்டு வாக்கியம் பேசியிருந்தால் அன்றே எனக்கு வேலை போயிருக்கும். வீட்டு வாடகை நான்தான் கட்டுகிறேன், தெருவிளக்கு கட்டாது. அவ்வளவுதான் என் பக்கம்.

தர்மராஜ்


கெலாடித் தோட்டம், ரந்தாவ்.
27 மார்ச் 2025

தம்பி,

உன் கடிதம் கிடைத்தது. பிழைகள் இருந்தன, திருத்திக்கொண்டேன். வழியைச் சொன்னதற்கு நன்றி.

சென்ற ஞாயிறு திருநாவுக்கரசு அவர்களை அவருடைய இல்லத்தில் கண்டேன். பணிவாகவே தொடங்கினேன் என்பதற்கு அவருடைய மனைவியே சாட்சி. பதவிக்கு விண்ணப்பிக்கவிருப்பதையும், போட்டியாக அல்லாமல் கிளையின் ஒப்புதலோடு செய்ய விழைவதையும் கூறினேன். அவர் தேநீரைக் குடித்து முடித்தார். பிறகு, "ஏம்மா லோகேஸ், பள்ளிக்கூடக் கேண்டீன்ல நாசி லெமாக் சோறு கட்டுற கைக்கு ரப்பர் ஸ்டாம்ப் எதுக்கு? பொட்டலத்து மேல குத்தவா?" என்றார்.

நான் ஏதும் சொல்லாமல் எழுந்திருக்க வேண்டும். எழவில்லை. "பொட்டலத்தப் பிரிச்சா உள்ள என்ன இருக்குன்னு தெரியும் அண்ணே. உங்க கிளையப் பிரிச்சா உங்க குடும்பத்தத் தவிர யாரு இருக்கா?" என்று கேட்டுவிட்டேன். உள்ளே அவருடைய மனைவி சிரித்தது எங்கள் இருவருக்கும் கேட்டது. கிளையின் ஒப்புதல் அத்துடன் முடிந்தது. கோவில் தலைவரும் அவரே ஆதலால் கோவில் நிர்வாகத்தின் கடிதமும் முடிந்தது.

ஆயினும் நான் சோர்ந்துவிடவில்லை. ஒரு கதவு சாத்தப்பட்டால் வீதியில் வேறு வீடுகள் உள்ளன. தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர், சிற்றுண்டிச்சாலையை நான் நடத்திவரும் முறையைக் குறிப்பிட்டு ஒரு நற்சான்று வழங்கினார். பக்கத்து மலாய்க் கிராமத்தின் தலைவர், வெள்ளம் வந்தபோது நம் கூடத்தில் நான் சமைத்துப் போட்டதை நினைவில் வைத்திருந்து, தம் மொழியில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார். அதன்பின் பேருந்தேறிச் சிரம்பான் சென்று ரோகினி அம்மையாரைச் சந்தித்தேன். உங்கள் கட்சியுடன் ஒரே கூட்டணியில் இருக்கும் மற்றொரு கட்சியின் மகளிர் பகுதித் தலைவி அவர். "இந்த மாதிரி பொம்பளைங்கதான் வரணும், அக்கா" என்று கையைப் பற்றிக்கொண்டு, கட்சியின் முகப்புத் தாளிலேயே வலுவானதொரு பரிந்துரையைத் தட்டச்சு செய்து கையொப்பமிட்டார். ஆட்சியில் இரு கட்சிகளும் சேர்ந்தே இருக்கையில் எக்கட்சியின் தாளாயினும் நலமே என்று எண்ணினேன்.

அனைத்தையும் விண்ணப்பத்துடன் இணைத்து மாவட்ட அலுவலகத்தில் நானே நேரில் சேர்ப்பித்துவிட்டேன். ஆறாம் வகுப்போடு பால்மரம் சீவ ரப்பர்க் காட்டுக்கு அனுப்பப்பட்டவள், எவர் துணையுமின்றி ஓர் அரசாங்க விண்ணப்பத்தைப் பிழையற எழுதி முடித்தேன் என்பதை உன்னிடமாவது சொல்லிக்கொள்ள விரும்புகிறேன்.

லோகேஸ்வரி


தெமியாங்.
5 ஏப்ரல் 2025

அக்கா,

என்ன காரியம் செய்தீர்கள்?

நீங்கள் பரிந்துரை கேட்கவில்லை என்று எழுதினீர்கள். கேட்காமலே நான் ஒன்று வாங்கினேன். டத்தோவின் நல்ல நேரம் பார்த்து, காரில் போகும்போது பேசி, வீட்டில் வைத்துப் பேசி, கடைசியில் "சரிடா, உன் அக்காதானே" என்று கையெழுத்துப் போட்டார். நானே மாவட்ட அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அது உங்களுக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன், தெரிந்தால் வேண்டாம் என்பீர்கள்.

டத்தோ கடிதமும் ரோகினி கடிதமும் ஒரே கோப்பில் போய் உட்கார்ந்துவிட்டன. நேற்று ஒரு விருந்தில் ரோகினி கட்சியின் மாநிலத் தலைவர் எல்லோர் முன்னாலும் டத்தோ கையைக் குலுக்கி, "எங்க ஆளுக்கு நீங்களும் சப்போர்ட் லெட்டர் கொடுத்திருக்கீங்க, ரொம்ப நன்றி டத்தோ" என்று சொல்லியிருக்கிறார்.

அக்கா, இங்கே ஒரு ஆளுக்கு ஒரு வீடுதான். கூட்டணி என்பது மேடைக்கு. கீழே ஒவ்வொரு நாற்காலிக்கும் அடிதடி. இரண்டு முகப்புத் தாள் வைத்தால் இரண்டு பலம் ஆகாது. இவர்கள் உங்களை அவர்கள் ஆள் என்பார்கள், அவர்கள் இவர்கள் ஆள் என்பார்கள்.

டத்தோ வண்டியில் ஏறினதும் என்னைக் கேட்டது: "உங்கக்கா ரெண்டு வீட்டுலயும் பந்தல் போட்டு வச்சிருக்காங்களா?"

ஒரே ஒரு வழி இருக்கிறது. 20ஆம் தேதி ரந்தாவ் மண்டபத்தில் சித்திரைப் புத்தாண்டு விருந்து. டத்தோ வருகிறார். நீங்கள் மேடையேறி அவருக்கு மாலை போட வேண்டும், எல்லோரும் பார்க்க. போட்டால் அவர் ஆள் என்று ஊருக்குத் தெரியும், கடிதம் நிற்கும். போடாவிட்டால் கடிதத்தை வாபஸ் வாங்கிவிடுவார். இது அவர் சொன்னது, நான் சொன்னதில்லை. பேச வேண்டாம், மாலை மட்டும்.

நான் உங்களைக் கேட்டுக்கொள்கிறேன் என்று எழுதவில்லை. உங்கள் இஷ்டம்.

தர்மராஜ்


கெலாடித் தோட்டம், ரந்தாவ்.
22 ஏப்ரல் 2025

தம்பி,

நீ மேடையின் ஓரத்தில் நின்றிருந்தாய். நான் படியேறியபோது கைத்தொலைபேசியில் எதையோ படிப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டாய். ஆதலால் நீ காணாததை எழுதுகிறேன்.

மாலையை ஏற்பவர்கள் தலையைச் சற்றுத் தாழ்த்துவது வழக்கம். டத்தோ தாழ்த்தவில்லை. அவர் உயரமானவர், நான் குதிகாலை உயர்த்த வேண்டியிருந்தது. புகைப்படக்காரர் இன்னொரு முறை என்றார். இன்னொரு முறை உயர்த்தினேன். அப்போது டத்தோ சிரித்த முகம் மாறாமல், எனக்கு மட்டும் கேட்கும்படி, "இப்ப மைக் வேணுமாம்மா?" என்றார். "வேண்டாங்க டத்தோ" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். கைதட்டல் நன்றாகவே இருந்தது. திருநாவுக்கரசு கைதட்டவில்லை, அவர் கையில் பாயசம் இருந்தது.

அவமானமாக இருந்ததா என்று நீ கேட்கமாட்டாய். இருந்தது. வீட்டுக்கு வந்து சேலையை மாற்றாமலேயே மறுநாளைக்கான சம்பல் மிளகாயை ஊறவைத்தேன். கைக்கு வேலை கொடுக்காவிட்டால் அது எதையாவது உடைத்திருக்கும்.

திரும்பிவரும் பேருந்தில், விருந்துக்கு வந்திருந்த முத்தாயி என்னருகில் அமரவில்லை. இறங்கும்போதுதான் பேசினார். "எனக்கு வீடு வேணும்னுதான் சொன்னேன். உன் தலை குனியணும்னு சொல்லல" என்றார். குனியவில்லை அக்கா, உண்மையில் நிமிரத்தான் வேண்டியிருந்தது என்று சொல்லிப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

நான் கணக்கிட்டே இதைச் செய்தேன். ஒரு மாலையால் பதினாறு குடும்பங்களின் பெயர் சரியாக எழுதப்படுமாயின் என் செருக்கு அதைவிடப் பெரிதன்று. ஆனால் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். நான் கொடுக்கக்கூடியதைக் கொடுத்துவிட்டேன். அதற்குமேல் இப்பதவிக்காக எவருக்கும் எதுவும் கடன்பட்டவள் அல்லள்.

லோகேஸ்வரி


தெமியாங்.
26 மே 2025

அக்கா,

கிடைத்துவிட்டது. நியமனக் கடிதம் இந்த வாரம் வரும். நேர்காணலில் நீங்கள் மலாயில் பேசியதை மாவட்ட அதிகாரியே டத்தோவிடம் சொன்னாராம், "அந்தம்மா பேசுறது செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கு" என்று. ரதி வடை சுட்டாள்.

திருநாவுக்கரசு தானாகவே பெயரை வாபஸ் வாங்கிக்கொண்டார். அதனால் கிளையிலும் பிரச்சினை இல்லை. பதவி டிசம்பர் கடைசிவரை, பிறகு வருடா வருடம் புதுப்பிப்பார்கள்.

ஏன் வாபஸ் வாங்கினார் என்று கேட்காதீர்கள். பெரியவர், விட்டுக்கொடுத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தர்மராஜ்


கெலாடித் தோட்டம், ரந்தாவ்.
12 ஜூன் 2025

அன்புத் தம்பி,

மாவட்ட அலுவலகத்தில் உறுதிமொழி எடுத்துக்கொண்டேன். முத்திரையைச் சிறு பெட்டியில் வைத்துத் தந்தார்கள். சிற்றுண்டிச்சாலையில் பிள்ளைகள் என்னை "தலைவரம்மா, ஒரு மீ கோரெங்" என்று அழைக்கத் தொடங்கிவிட்டார்கள். கண்டிக்க வேண்டும், இன்னும் கண்டிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொரு வீட்டுக்கும் சென்று, யார் எந்த வீட்டில் எத்தனை பேர் என்பதை நேரில் பார்த்துச் சான்றிதழ்களைத் தயாரிக்கிறேன். முத்தாயியின் வீட்டில் அவருடைய சோற்றுப்பானை, கட்டில், கணவரின் படம் யாவும் உள்ளன. வேறென்ன சான்று வேண்டும்? அவருடையதைத்தான் முதலில் எழுதினேன். கையொப்பமிட்டபோது அவர் அருகில் நின்று, "நல்லா அழுத்திக் குத்து" என்றார்.

நீ முயன்றிராவிட்டால் இது நடந்திராது என்பதை நான் அறிவேன். மேடையோரத்தில் நீ தலைகுனிந்து நின்றது என் முகத்தைப் பார்க்க இயலாமல்தான் என்பதையும் பின்னர் உணர்ந்தேன். பிள்ளைகளுடன் ஒருநாள் வா. கருவாட்டுக் குழம்பு வைக்கிறேன்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. திருநாவுக்கரசு நேற்றுச் சிற்றுண்டிச்சாலைக்கு வந்தார். கறிபஃப் இரண்டு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். தோற்றவர் சிரிக்கும் சிரிப்பு அன்று அது. ஏன் விலகினார் என்பதை நீ எழுதுவதே நல்லது.

உன் அக்கா,
லோகேஸ்வரி


தெமியாங்.
1 ஜூலை 2025

அக்கா,

இதை எழுதாமல் இருக்க முடியுமா என்று பார்த்தேன். முடியாது. பட்டியல் இந்த மாதக் கடைசியில் போக வேண்டும்.

திருநாவுக்கரசு மகன் புனிதனுக்கு வீடு இல்லை. எங்கள் அடுக்குமாடியில்தான் வாடகைக்கு இருக்கிறான், என் வீட்டுக்கு நேர் கீழே. கெலாடியில் ஒரு வீடு கிடைத்தால் பதவியை விட்டுக்கொடுக்கிறேன் என்று திருநாவுக்கரசு டத்தோவிடம் சொன்னார். டத்தோ என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அப்படித்தான் அவர் விலகினார். அப்படித்தான் உங்களுக்குக் கிடைத்தது.

இப்போது புனிதன் கெலாடி லயத்தில் குடியிருக்கிறான் என்று நீங்கள் ஒரு சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டும். வீடு பதினாறுதான், அதனால் ஒரு பெயர் எடுக்கப்படும். முத்தாயி பெயர் பதிவேட்டில் இல்லாததால் அதை எடுப்பது சுலபம் என்று டத்தோ சொல்கிறார். அடுத்த கட்டத்தில் பார்க்கலாமாம். அடுத்த கட்டம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது, பொய் சொல்லமாட்டேன்.

அக்கா, நான் இதை உங்களுக்காகத்தான் ஒத்துக்கொண்டேன். பதினைந்து குடும்பத்துக்கு நீங்கள் இருந்தால் சரியாக நடக்கும், அவர் இருந்தால் பாதிகூடத் தேறாது. ஒன்றைக் கொடுத்து பதினைந்தைக் காப்பாற்றினோம் என்று நினைத்தேன். நீங்களும் மாலை போட்டபோது அப்படித்தானே கணக்குப் போட்டீர்கள்?

போடாவிட்டால் டிசம்பரோடு உங்கள் பதவி போகும். என் வேலை அதற்கு முன்பே போகும்.

தர்மராஜ்


கெலாடித் தோட்டம், ரந்தாவ்.
6 ஜூலை 2025

தர்மராஜ்,

உன் கடிதத்தைப் படித்தபின் சிற்றுண்டிச்சாலையை அரை நாள் மூடினேன். அங்கு சேர்ந்த காலந்தொட்டு நான் அவ்வாறு செய்ததில்லை.

முதலில் உன் கேள்விக்கு விடை. நான் மாலை அணிவித்தபோது கொடுத்தது என்னுடையதை. நீ தலையாட்டியபோது கொடுத்தது முத்தாயியினுடையதை. இரண்டும் ஒரே கணக்கு என்று நீ எழுதியிருக்கிறாய். அவ்வரியை நான் பலமுறை வாசித்தேன். எழுதியவன் என் தம்பி என்பதே என்னைக் கலங்கச் செய்தது. நீ தீயவன் அல்லன். பிறர் பொருளை எடுத்துக் கொடுப்பது எளிதாகிவிடும் ஓர் அறையில் நெடுங்காலம் அமர்ந்திருக்கிறாய், அவ்வளவே.

இந்நாற்காலி எவ்வாறு எனக்கு வந்தது என்பது இப்போது தெரிந்துவிட்டது. உடனே விலகிவிட வேண்டும் என்றே முதலில் நினைத்தேன். கடிதமும் எழுதிவிட்டேன். அப்போது முத்தாயி வந்தார். பாசாரில் எஞ்சிய கீரையைக் கொடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். மறைக்க இயலவில்லை, சொல்லிவிட்டேன். அவர் கூச்சலிடுவார் என எதிர்பார்த்தேன். கீரையை ஆய்ந்துகொண்டே, "நீ எறங்கிட்டா அவன் ஏறி உக்காருவான். அப்ப என் பேரு மட்டுமா போவும்? ஒக்காரு. அவங்களா தூக்குற வரைக்கும் ஒக்காரு" என்றார். விலகல் கடிதத்தை அடுப்பில் வைத்தேன்.

ஆகவே என் முடிவைத் தெரிவிக்கிறேன். புனிதன் என்பவர் கெலாடித் தோட்டத்தில் குடியிருக்கிறார் என நான் எழுதமாட்டேன். முத்தாயியின் சான்றிதழைத் திரும்பப் பெறமாட்டேன். பதவியிலிருந்து விலகவும் மாட்டேன். பதினாறு சான்றிதழ்களும் நாளை மாவட்ட அலுவலகத்துக்குச் செல்கின்றன. நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்கிவருவேன். டிசம்பரில் புதுப்பிக்க விரும்பாவிடில் அது அவர்களுடைய உரிமை. அதுவரை நான் தலைவி.

உன் வேலையை நான் மறக்கவில்லை. ரதியையும் பிள்ளைகளையும் மறக்கவில்லை. உன் குடும்பம் இடருற்றால் என் வீட்டில் உள்ளதில் பாதி உங்களுடையது. ஆனால் முத்தாயியின் வீட்டில் உள்ளது உங்களுடையதன்று. என்னுடையதும் அன்று.

இதைத் திருநாவுக்கரசிடமும் நானே சொன்னேன். "நாற்காலிக்காக டத்தோவுக்கு மாலை போட்டவதானே நீ?" என்றார். "ஆமாண்ணே. போட்டாச்சு. அது அதோட சரி" என்றேன்.

லோகேஸ்வரி


தெமியாங்.
3 ஆகஸ்ட் 2025

அக்கா,

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுதவில்லை. கோபமாக இருந்தேன். ரதி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, உங்களோடும் இல்லை. பிறகு வேலை அதிகம். பிறகு வேலை இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன். பட்டியலைச் சரிபார்க்க மாவட்ட அதிகாரி எல்லோரையும் அழைத்தார். டத்தோ வந்தார், திருநாவுக்கரசு வந்தார், நான் கோப்பைத் தூக்கிக்கொண்டு போனேன். உங்கள் பதினாறு பெயர் ஒரு பக்கம். கிளை கொடுத்த பதினாறு பெயர் ஒரு பக்கம், அதில் முத்தாயி இல்லை, புனிதன் இருக்கிறான். தலைவி புதியவர், ஆளைச் சரியாகத் தெரியாது என்று டத்தோ சொன்னார். அதிகாரி சும்மா பேச்சுக்குத்தான் கேட்டார், பக்கத்தில் நான் நின்றதால். "இந்தப் புனிதன் எங்க இருக்கார், உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். தெரியாது என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். முந்தின நாள் ராத்திரிதான் அவன் வீட்டுத் தண்ணீர்க் குழாய் உடைந்து, நான் இறங்கிப் போய் மூடிவிட்டு வந்தேன். "என் வீட்டுக்குக் கீழ் வீட்டுல இருக்கார், சார். தெமியாங்ல" என்று வந்துவிட்டது.

டத்தோ திட்டவில்லை. வெளியே வந்து வண்டிச் சாவியை என்னிடம் கேட்டு வாங்கி, அவரே ஓட்டிக்கொண்டு போய்விட்டார். நான் பேருந்தில் வந்தேன்.

உங்கள் பட்டியல்தான் நின்றது. முத்தாயி பெயர் ஆறாவது. அகர வரிசையாம். உங்கள் பதவி ஜனவரியில் திருநாவுக்கரசுக்கு, அது முடிவாகிவிட்டது. ஆனால் வீட்டுச் சாவி நவம்பரில் கொடுக்கிறார்கள், அதனால் அவர் வந்து ஒன்றும் செய்ய முடியாது.

புனிதன் என்னைப் படியில் பார்த்தால் திரும்பிக்கொள்கிறான். அவனுக்கும் வீடு வேண்டும், அக்கா. அதுவும் உண்மைதான்.

ஒரு தனியார் லோரி நிறுவனத்தில் அலுவலக வேலைக்கு மனு போட்டிருக்கிறேன். சமூகத்தில் பொறுப்பில் இருக்கும் ஒருவரிடம் நற்சான்றுக் கடிதம் வேண்டுமாம். எனக்குத் தெரிந்த பொறுப்பில் இருப்பவர்கள் எல்லாம் இப்போது என் தொலைபேசியை எடுப்பதில்லை. நீங்கள் டிசம்பர்வரை இருக்கிறீர்கள். கேட்க வெட்கமாகத்தான் இருக்கிறது. முடியாது என்றாலும் புரிந்துகொள்வேன்.

தர்மராஜ்


கெலாடித் தோட்டம், ரந்தாவ்.
10 ஆகஸ்ட் 2025

அன்புத் தம்பி தர்மராஜுக்கு,

நீ கேட்டதை இணைத்துள்ளேன். தமிழிலும் மலாயிலும் எழுதியிருக்கிறேன். எனக்குத் தெரியாததை எழுதுவதில்லை என்பது இப்பதவியில் நான் வைத்துக்கொண்ட விதி. உனக்காக அதை மாற்றவில்லை. படித்துப் பார். பிடிக்காவிட்டால் கிழித்துவிடு, வேறு மாதிரி எழுதித் தரமாட்டேன்.

ரதி என்னுடன் பேசும்வரை நான் காத்திருப்பேன் என்று சொல்.

அக்கா


உரிய அதிகாரியவர்களுக்கு,

திரு. தர்மராஜ் என் உடன்பிறந்த தம்பி. உறவினர் தரும் சான்று ஏற்கப்படாதெனில் இத்துடன் படிப்பதை நிறுத்திவிடலாம்.

அவர் ஓர் அரசியல் அலுவலகத்தில் பணியாற்றினார். அங்கிருந்தபோது, உண்மையல்லாத ஒன்றில் கையொப்பமிடுமாறு என்னை ஒருமுறை கேட்டுக்கொண்டார். நான் மறுத்தேன். பின்னர் அதே செய்தியை ஓர் அதிகாரி அவரிடம் நேரில் வினவியபோது, தம் வேலை போகும் என அறிந்திருந்தும், எல்லோர் முன்னிலையிலும் உண்மையைக் கூறினார். அவர் இப்போது உங்களிடம் வேலை கேட்டு நிற்பது அதனாலேயே.

கணக்கில் கவனமானவர். வாகனம் ஓட்டத் தெரியும். தமிழில் எழுத்துப்பிழை உண்டு, முயன்றால் திருத்திக்கொள்வார்.

இவரைப் பணியில் அமர்த்திக்கொள்ளலாம் என நான் பரிந்துரைக்கிறேன்.

லோகேஸ்வரி
கிராமத் தலைவர், கெலாடித் தோட்டம்
(31 டிசம்பர் 2025 வரை)